பாட்டு வராத பியானோ

"டீச்சர், எங்க வீட்டுப் பியானோல பாட்டு வரமாட்டேங்குது."

வகுப்பு முடிந்து ஸ்டூலின் உயரத்தைத் திருகிக் குறைத்துக்கொண்டிருந்தேன். கதவருகில் தயங்கி நின்று இதைச் சொன்னவர் மிளகின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். சீருடைச் சட்டையின் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும்.

"சத்தமே வரலையா?"

"சத்தம் வருது டீச்சர். எல்லாக் கட்டையும் சத்தம் போடுது. பாட்டுதான் வரலன்னு இவ சொல்றா. நானும் முன்பலகையைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். எதுவும் அறுந்த மாதிரி தெரியல."

அவருடைய முழங்காலுக்குப் பின்னாலிருந்து மிளகு தலையை நீட்டினாள். பள்ளியில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆள் இத்தனூண்டு, காரம் அத்தனை என்பதால் மிளகு என்பது நான் வைத்தது. "அது கெட்டுப்போன பியானோ மிஸ்," என்றாள், தீர்ப்பு எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிற மாதிரி.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. நான் அப்போது வேறொரு கோபத்தில் இருந்தேன். எனக்குக் கோபத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அன்றைய கோபம் பக்கத்து அறை முட்டை மாஸ்டர் மேல். விரல் வளைந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளின் உள்ளங்கையில் மர முட்டையைக் கொடுத்து மாதக்கணக்கில் பிடிக்க வைப்பவர். அவருடைய வகுப்பிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு என் வகுப்புக்கு ஓடிவந்த பிள்ளைகள் நிறைய. அன்று காலை மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்க ரூம்லேர்ந்து எப்பவும் உங்க வாசிப்புதான்மா கேக்குது. பிள்ளைங்க யாரும் வர்றதில்லையா?" என்று சிரித்தார். பொறாமை பிடித்த ஆள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வகுப்பில் யாரும் அழுவதில்லை. அதுதான் என் பெருமை. முதல் நாளே குழந்தையை ஸ்டூலில் உட்கார வைப்பேன். இரண்டு கட்டைகளைக் காட்டுவேன். இதை ஒன்று, அதை ஒன்று, மாற்றி மாற்றி அழுத்து என்பேன். அது பிஞ்சு விரலால் டொங், டிங் என்று ஆரம்பிக்கும். நான் அதன் இடப்பக்கம் அமர்ந்து, அடித்தொனிக் கட்டைகளை மூன்றும் நான்குமாகச் சேர்த்துப் பிடிப்பேன். பெடலை மிதிப்பேன். அவ்வளவுதான், அந்த டொங் டிங் ஒரு பெரிய பாட்டின் நடுவில் போய் நின்றுகொள்ளும். குழந்தையின் கண் விரியும். அம்மாக்கள் போனைத் தூக்குவார்கள். "முதல் நாளே எப்படி வாசிக்குது பாருங்களேன்!" கீழே ஸ்டேஷனரிக் கடைக்குப் பென்சில் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்பார்கள். இசைப் பள்ளியை நடத்தும் முதலாளியம்மா, "ராசியான கை உனக்கு," என்பார்.

உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா பேக்கரியில் அடுப்படி வேலை. வணிகவியலுக்கு இடம் கிடைக்காமல், யாரும் கேட்காத இசைப் பிரிவில் இடம் கிடைத்துச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் நடக்கப் பழகும்போதே பியானோ பழகியவர்கள். நான் பதினெட்டு வயதில் முதல் கட்டையைத் தொட்டவள். தனியாக மேடையில் உட்கார்ந்து வாசிக்க என் விரலுக்கு ஓட்டம் பத்தாது. பாடுகிறவர்களுக்கும் வயலின்காரர்களுக்கும் கூட வாசித்தே பட்டம் வாங்கினேன். அடுத்தவர் தடுமாறினால் தாங்கிப் பிடிக்க, தப்பினால் தெரியாமல் மூடிவிட எனக்கு நன்றாக வரும். "பட்டம் வாங்கிட்டுப் பொட்டி தட்டுறா எம் பொண்ணு," என்று அப்பா பேக்கரியில் சொல்லிக்கொள்வார். அது குறையா பெருமையா என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

"நீங்களே ஒரு எட்டு வந்து பாத்துருங்க டீச்சர்," என்றார் மிளகின் அப்பா. குரலைத் தணித்துக்கொண்டார். "வீட்ல பெரிய ரகளையாப் போச்சு. அது எங்கக்கா குடுத்த பியானோ. அவங்க பொண்ணு வாசிச்சது. சின்ன வீட்டுக்கு மாறினாங்க, வைக்க இடமில்ல, எம் பொண்ணு வாசிக்கட்டும்னு குடுத்தாங்க. இவ கெட்டுப்போச்சுங்கறா. எம் பொண்டாட்டி, உங்கக்கா ஓட்டை சாமானை நம்ம தலையில கட்டிட்டாங்கன்னா. யாரோ அதை அக்கா காதுல போட்டுட்டாங்க. அக்கா என்கிட்ட பேசறதே இல்ல. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். நீங்க வந்து சொல்லிட்டா முடிஞ்சுது. படிச்சவங்க வார்த்தை, யாரும் எதுத்துப் பேச முடியாதுல்ல?"

படிச்சவங்க. அந்தச் சொல்லை என் அப்பா வயதுக்காரர்கள் சொல்லும்போது எனக்கு முதுகு தானாக நிமிரும். வருகிறேன் என்றேன்.

அவர்கள் வீடு ஒரு பழைய அடுக்ககத்தின் மூன்றாம் மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "இதைப் படியில ஏத்துனதுல ஆறு பேருக்கு இடுப்பு போச்சு, அதுல நானும் ஒருத்தன்," என்று வரவேற்றார். கூடத்தில் பாதியைப் பியானோ பிடித்திருந்தது. அதற்கு இடம் விட்டுச் சோபா பால்கனிக்குப் போயிருந்தது. துணி காயும் கொடிக்குக் கீழே சோபா.

மிளகின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். வாயும் கையும் ஒரே வேகம். நான் உட்காருவதற்குள் போனை நீட்டினார். "கிளாஸ்ல எடுத்த வீடியோ டீச்சர். இதைப் பாருங்க, எப்படி வாசிக்கிறா. சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இங்க வந்து உக்காந்தா டொங்கு டொங்குன்னு சட்டியத் தட்டுற மாதிரி இருக்கு. பியானோவுல கோளாறு இல்லாம வேற எதுல கோளாறு?"

ஜன்னலோரம் நாற்காலியின் நுனியில் ஓர் அம்மாள் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அத்தை. மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. எல்லோரும் இப்போதே எழுந்து நிற்கப்போகிறார்கள் என்று எதிர்பார்க்கிற முதுகு.

"நான் கோளாறான சாமான் குடுக்கறவ இல்ல," என்றார், யாரையும் பார்க்காமல்.

"யாரு அப்படிச் சொன்னா அண்ணி?"

"நீதான் சொன்ன. மருந்துக்கடைக் கவுண்டர்ல நின்னு சொன்ன. அங்க மாத்திரை வாங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் என் கைல ஊசி போட்டுக்கிட்டவங்கன்னு உனக்கு மறந்து போச்சு."

மிளகின் அப்பா கையைப் பிசைந்தார். "அக்கா, விடு. டீச்சர் வந்திருக்காங்கல்ல, அவங்க சொல்லட்டும்."

நான் பியானோவின் மூடியைத் திறந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாக் கட்டைகளையும் அழுத்திக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் சுத்தமாகப் பேசியது. சுருதி சேர்த்து அதிக நாள் ஆகியிருக்காது. பெடல் எண்ணெய் போட்டதுபோல் இறங்கியது. எங்கள் பள்ளிப் பியானோவைவிட இது ஒருபடி மேல். இதை வைத்திருந்தவர்கள் பிள்ளைபோலப் பார்த்திருக்கிறார்கள்.

"இப்ப நீ வாசி," என்றேன் மிளகிடம்.

ஸ்டூலில் ஏறினாள். பழக்கதோஷத்தில் வலப்பக்கமாக ஒதுங்கி, எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் அழுத்தினாள். டொங். டிங். டொங். டிங். நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா மிஸ்? வரல."

என் கழுத்திலிருந்து சூடு ஏறிக் காதுக்குப் போனது. அவள் கை அப்போதும் கட்டைமேல் இருந்தது. அந்தக் குழந்தை இத்தனை நாளும் தன் இரண்டு விரல்களிலிருந்துதான் அந்தப் பாட்டு முழுக்க வருகிறது என்று நம்பியிருக்கிறாள். எப்படி நம்பாமல் இருப்பாள்? தாளத்தை நான் அவளோடு அப்படி ஒட்டவைத்தேன். அவள் தாமதித்தால் தாமதித்தேன், ஓடினால் ஓடினேன், கட்டை மாற்றி அழுத்தினால் அது சரி என்று தோன்றும்படி என் கையை மாற்றினேன். ஒரு தடவைகூட என் கையை எடுத்துவிட்டு, இப்போது நீ மட்டும் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். டொங், டிங். அப்புறம் எந்த அம்மா போனைத் தூக்குவாள்?

"சொல்லுங்க டீச்சர்," என்றார் அத்தை. "பியானோ நல்லா இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

நல்லா இருக்கு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிளகின் அப்பா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். எனக்கு மட்டும் தனிக் கோப்பையில் டீ. அந்தக் கோப்பைக்குத் தட்டு இருந்தது, மற்றவர்களுக்குத் தம்ளர். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"பழைய பியானோதானே... இடம் மாத்துனா சில சமயம் மரம் செட்டாக நாளாகும். கிளாஸ்ல இருக்கறதோட சத்தம் வேற மாதிரி..."

"நான் அப்பவே சொன்னேன்ல!" மிளகின் அம்மா தொடையில் தட்டினார். "படிச்சவங்க வாயாலயே வந்துருச்சு. நான் சொன்னா மட்டும் நாத்தனாரு மேல பொறாமை!"

"சும்மா இருடி," என்றார் மிளகின் அப்பா. ஆனால் அவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. மகள் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி.

அத்தை சண்டை போடவில்லை. அழவும் இல்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். எழுந்துவந்து பியானோவின் மூடியை ஒரு கையால் மெல்ல இறக்கி, மேலே ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "நாளைக்கு ஆளனுப்பறேன் தம்பி. எடுத்துக்கறேன்."

"எங்கக்கா வைப்ப? உன் வீட்ல..."

"வாசல்ல போட்டு வைக்கறேன். மழை வந்தா நனையட்டும். கெட்டுப்போனதுதானே."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மிளகு, "அத்த, டாட்டா," என்றாள். பதில் இல்லை. அத்தையிடமிருந்து அதற்குப் பதில் வராதது அவளுக்கு அதுதான் முதல் முறை போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்தாள்.

நான் எழுந்து ஓடினேன். என்ன நினைத்து ஓடினேன் என்று கேட்டால், தெரியாது. யாரும் இல்லாத இடத்தில் அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருப்பேன். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது தனியிடத்தைத்தான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிடித்தேன். யார் வீட்டுச் சைக்கிளோ வழியை அடைத்திருந்தது. "அம்மா, ஒரு நிமிஷம். பியானோவுல ஒண்ணுமில்ல. ரொம்ப நல்ல பியானோ."

நின்றார். திரும்பவில்லை.

"கிளாஸ்ல அவ வாசிக்கும்போது நானும் கூட வாசிப்பேன். அந்தப் பாட்டு என்னோடது. அவளோடது ரெண்டு கட்டைதான். அவளுக்கு அது தெரியாது."

இப்போது திரும்பினார். பொய்யாகக் காய்ச்சல் சொல்லிக்கொண்டு வந்தவனின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற பார்வை. "இதை ஏன் அங்க சொல்லல?"

நான் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"என் தம்பி முன்னாடி என்னைத் திருடி மாதிரி நிக்க வச்சிட்டு, இங்க வந்து என் காதுல ஓதுறியா?" 'டீச்சர்', 'நீங்க' எல்லாம் போய்விட்டது. "நீ இப்ப என்கிட்ட சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லம்மா. எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, என் பியானோ நல்லா இருக்குன்னு. மேல போய்ச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அந்தப் பிள்ளைக்குக் கேக்கற மாதிரி."

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கம் கெட்ட கோபம். என் குட்டைப் பிடித்துவிட்ட அத்தை மேல், அந்த முட்டை மாஸ்டர் மேல், போனைத் தூக்கிய அம்மாக்கள் மேல். படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒருவரைத் திட்டினேன். மூன்றாம் மாடிக்கு வந்தபோது திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோயிருந்தது.

அத்தை எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஏறிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூடத்தின் நடுவில் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"நான் சொன்னது பொய். பியானோ நல்லா இருக்கு. கிளாஸ்ல நீங்க கேட்டது எல்லாம் நான் வாசிச்சது. வீடியோல இருக்கறதும் நான்தான்."

மிளகின் அம்மா போனை எடுத்தார். வீடியோவை ஓட்டினார். இந்த முறை காதருகே வைத்துக் கேட்டார். இடப்பக்கம், படத்தின் ஓரத்தில், என் மணிக்கட்டும் வளையலும் வந்து வந்து போவது எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. அதை இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை. பிள்ளையைத்தானே பார்ப்பார்கள். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். யார் யாருக்கெல்லாம் அனுப்பினோம் என்று அவர் மனது ஓடுவது முகத்தில் தெரிந்தது.

மிளகின் அப்பா என்னிடம் ஒரு சுடுசொல் பேசவில்லை. பேசியிருக்கலாம். அவர் மகளிடம் திரும்பினார்.

"ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? டீச்சர் வாசிக்கறது எது, நீ வாசிக்கறது எதுன்னு தெரியாதா? உன்னாலதான் இவ்வளவும். அத்தை மனச நோகடிச்சு, டீச்சரைக் கூட்டிட்டு வந்து சங்கடப்படுத்தி..."

"அவளைத் திட்டாதீங்க." என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியக் கூடாதுன்னுதானே நான் வாசிச்சேன்."

அவர் பாதி வார்த்தையில் நின்றார். பேக்கரியில் என் அப்பா இந்த மாதிரிதான் நிற்பார், பெரிய இடத்து ஆள் யாராவது தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டால். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல். "பரவால்ல டீச்சர்," என்றார் கடைசியில். "டீ ஆறுது."

மிளகு யாரையும் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்தபடி மூடியைத் தள்ளித் திறந்து, இரண்டு கட்டைகளையும் அழுத்தினாள். டொங். டிங்.

"இது மட்டும்தான் நானா?"

"ஆமா."

"மீதி எல்லாம்?"

"நான்."

அவளுடைய காதுகள் சிவந்தன. என் காதுகளில் கொஞ்சம் முன்னால் ஏறிய அதே சூடு. ஒரு பாவமும் செய்யாத பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து கைதட்டல் வாங்கிய ஒவ்வொரு தடவையையும் அவள் திரும்ப நினைத்துப் பார்க்கிறாள். அவளை ஏமாற்றியது நான், கூச்சம் அவளுக்கு. ஸ்டூலிலிருந்து வழுக்கி இறங்கி, கட்டைகளுக்குக் கீழே, பெடல்கள் இருக்கிற பொந்துக்குள் புகுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"வெளிய வாடி," என்றார் அவள் அம்மா.

"வரமாட்டேன். எல்லாரும் சிரிப்பீங்க."

"யாரு சிரிக்கறா? இங்க பாரு, யாராவது சிரிக்கறோமா?"

அத்தை கைப்பையைத் தரையில் வைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகலோடு பியானோவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை வந்து அவர் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டது. மிளகின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, கீழ ஜில்லுன்னு இருக்கும், பாய் தரட்டுமா?" என்றார். அத்தை அந்தச் சின்னக் கையை ஒருதடவை பார்த்தார். பிறகு, "தா," என்றார்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். அங்கே என்னுடைய வேலை முடிந்துவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டபோது பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மிஸ்."

"சொல்லு."

"அடுத்த கிளாஸ்ல நீங்க வாசிக்கக் கூடாது."

"வாசிக்கமாட்டேன்."

"அப்ப பாட்டு வருமா?"

வரும் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அதற்கு எப்போதும் தாங்கிப் பிடித்துத்தான் பழக்கம். "இப்ப வராது," என்றேன். "டொங் டிங்னுதான் கேக்கும். ரொம்ப நாளைக்கு."

அவள் அதை யோசித்தாள். ஒரு பெடல் கீழே இறங்கி மேலே வந்தது.

"வாசிக்காம கைய எங்க வச்சுப்பீங்க?"

"மடியில."

"பொய். வச்சுக் காட்டுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய் கொண்டுவந்த அவள் அம்மா, தம்ளரைக் கையில் பிடித்திருந்த அப்பா, தரையில் அத்தை. பையை இறக்கி வைத்தேன். ஸ்டூலில், அவளுக்காக உயர்த்தி வைத்திருந்த அந்த ஸ்டூலில், முழங்கால் கட்டைகளின் அடிப்பலகையில் இடிக்க உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்தேன்.

மிளகு பொந்திலிருந்து தலையை நீட்டி, வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். இடது கையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.